கைமுக்கு ஒழிந்த ஊரில் கேள்வி கேட்பது

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரு காலத்தில் கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்க்குள் கையை விட வேண்டும். பிறகு கையில் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டை அவிழ்க்கும்போது கை வெந்திருந்தால் குற்றவாளி, வேகாமல் இருந்தால் நிரபராதி. இந்திரன் சுத்தி பெற்ற இடம் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர். அந்தச் சுத்தியின் பெயரிலேயே இந்தக் கொடுமையும் நடந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது ஒழிந்தது. அதிகாரத்தில் இருப்பவரைப் பதில் சொல்ல வைக்க இன்று நெய்யும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். கேள்வி போதும். ஆனால் அந்தக் கேள்வியைப் பற்றி நம் ஊரில் நிலவும் எண்ணங்களைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது.

தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் சட்டமன்றக் கேள்வி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 2022 ஜனவரியிலிருந்து அதை நேரலையில் பார்க்க முடிகிறது. பக்கத்தில் இருந்த பெரியவர், வயலும் வரப்புமாக வாழ்ந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்கன கேள்வி கேட்டா இங்கன வயலுக்கு வெள்ளம் வருமா மக்களே? வெறும் பேச்சுல்லா இது."

"வரும் அண்ணாச்சி" என்று சட்டென்று சொல்லிவிட முடியவில்லை. "வராது" என்றும் சொல்ல முடியாது. அன்று அவரும் கடையில் இருந்த மற்றவர்களும் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எழுதுகிறேன்.

"கேள்வி கேட்பது வெறும் பேச்சு"

இதற்கு விடை சுசீந்திரத்து ரத வீதியிலேயே இருக்கிறது. எங்கள் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு இருந்த காலம். 1888-லேயே திருவிதாங்கூரில் சட்டசபை வந்துவிட்டது. இந்திய சமஸ்தானங்களில் அதுதான் முதல். 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது. சட்டம் இயற்றும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை. தாலுகா தாலுகாவாக வந்த பிரதிநிதிகள் ஊர்க் குறைகளைத் திவான் முன் எடுத்துச் சொல்லலாம், அரசு பதில் சொல்லும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள்ளேயே நின்றுதான் ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி தம் மக்களுக்குப் புதுவல் நிலம், அதாவது அரசுத் தரிசு நிலம், கேட்டார்.

1924-ல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய சாலைகளில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று சட்டசபையில் என். குமாரன் தீர்மானம் கொண்டு வந்தார். வைக்கத்துக்கு மட்டுமல்ல, சமஸ்தானத்தில் அதுபோன்ற எல்லாச் சாலைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்டார். சுசீந்திரத்து வீதிகளும் அதில் அடங்கும். 1925 பிப்ரவரி 7-ந் தேதி வாக்கெடுப்பு. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு வாக்கில் தெரு மூடியே கிடந்தது. அடுத்த ஆண்டு, 1926-ல், டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்திய சத்தியாகிரகம் சுசீந்திரத்தில் தொடங்கியது. 1936 நவம்பர் 12-ந் தேதி வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம்தான் கோயிலையே எல்லோருக்கும் திறந்துவிட்டது.

அந்தத் தீர்மானம் தோற்றது வீண் என்று நான் நினைக்கவில்லை. தெருவில் நடக்க வேண்டாம் என்று சொன்னவர்கள் 22 பேர்தான், நடக்கட்டும் என்றவர்கள் 21 பேர் என்பது அரசாங்கத்தின் பதிவிலேயே ஏறிவிட்டது. ஊர் முழுக்க எதிர்க்கிறது, ஆசாரம் இடம் தராது என்ற பேச்சால் அந்தக் கணக்கின் முன்னால் நிற்க முடியவில்லை. சபையில் கேட்கப்படுவது எழுத்தில் நிற்கும். வீதியில் நின்றவர்களுக்கு அந்த எழுத்தும் ஒரு பலம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது. 1957-ல் மக்களவையில் அதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. விடாமல் துருவியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். விசாரணை வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எதிர்க்கட்சிக்காரர்தான் கேள்வி கேட்பார் என்ற எண்ணமும் இதோடு உடைகிறது. ஆளுங்கட்சி உறுப்பினரும் தொகுதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். அவர் கேட்டால் அமைச்சரால் அதை அரசியல் என்று ஒதுக்கவும் முடியாது.

கேள்விக்கு மதிப்பு இல்லையென்றால் அதற்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். 2005-ல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியது கேமராவில் சிக்கி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். அவர்கள் விற்றது நம்முடைய பொருளை.

"மானியக் கோரிக்கை என்றால் சலுகை கேட்பது"

கடையில் ஒரு பையன் கேட்டான், "உர மானியம் மாதிரியாண்ணே?" என்று. அவன் மேல் குற்றமில்லை, சொல் அப்படி. நாஞ்சில் நாட்டில் மானியம் என்றால் பழைய ஆட்களுக்குக் கோயிலுக்கோ ஊழியக்காரருக்கோ விட்ட நிலம் நினைவுக்கு வரும். இப்போதைய ஆட்களுக்கு உரம், கேஸ், மின்சாரம். சட்டமன்றத்தில் பொருளே வேறு. "இந்தத் துறைக்கு இந்த ஆண்டு இவ்வளவு பணம் செலவு செய்ய அனுமதி தாருங்கள்" என்று அரசு சபையிடம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. கேட்பது அரசு, கொடுப்பது நாம் அனுப்பிய உறுப்பினர்கள். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 19, பள்ளிக் கல்விக்கு 43, இந்து சமய அறநிலையத் துறைக்கு 47 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதோடு ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தருகிறது. போன ஆண்டு என்ன செய்தோம், இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம் என்று தமிழிலேயே இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் ஊர் நூலகத்தில் அதை அச்செடுத்து வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர் கொண்டுவருவது வெட்டுத் தீர்மானம். மக்களவையில் 100 ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு வகை உண்டு. கோடிகளில் 100 ரூபாய் குறைந்து என்ன ஆகும் என்று தோன்றும். ஒரு குறிப்பிட்ட குறையைச் சபையில் பேச வைப்பதற்கான வாசல் அது.

"கோயிலுக்கு அரசு தர்மம் செய்கிறது" – "இல்லை, கோயில் காசில்தான் அரசே நடக்கிறது"

இந்த இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சொன்னார்கள். எங்கள் ஊரில் இதைப் பேசாமல் ஒரு டீ முடியாது. இரண்டு பேச்சுக்கும் சுசீந்திரத்துக் கணக்கு ஒத்துவராது.

1811-12-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, திருவிதாங்கூரின் நூற்றுக்கணக்கான கோயில்களை அவற்றின் நிலங்களோடு சர்க்கார் கையில் சேர்த்தார். நிலத்தின் வருமானம் கஜானாவுக்குப் போனது. கோயிலின் பூசைக்கும் செலவுக்கும் சர்க்கார் பொறுப்பு என்றானது. அப்படி வந்த கடமையை 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது எழுதிய உடன்படிக்கையிலும் விட்டுவிடவில்லை. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, இந்தக் கோயில்களும் இந்தப் பக்கம் வந்தன. பணத்தை யார் தருவது?

பதில் இந்திய அரசியலமைப்புச் சட்டத்திலேயே ஏறியது. ஏழாவது திருத்தத்தில் வந்த 290-அ என்ற பிரிவு. கேரளம் ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும். தமிழ்நாடு, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த பகுதியிலுள்ள கோயில்களுக்காக ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தர வேண்டும். நம் தாணுமாலயன் கோயில் அந்தக் கணக்கில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள 400-க்கும் மேற்பட்ட தேவஸ்தானக் கோயில்களுக்கு நிர்வாக அலுவலகமே சுசீந்திரத்தில்தான் நடக்கிறது. நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் ரூபாய் எண்ணோடு எழுதப்பட்ட உரிமை நம் ஊர்க் கோயிலுக்கு இருக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆக, இது தர்மம் அல்ல. எடுத்துக்கொண்ட நிலத்துக்கு ஈடாக வந்த கடமை. இந்தத் தொகையைப் பொறுத்தவரை பணம் கஜானாவிலிருந்து கோயிலுக்குத்தான் போகிறது, அதனால் மற்றப் பேச்சும் சரியில்லை.

கேள்வி கேட்பதைப் பற்றி எழுதும்போது இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? அந்த 13.5 லட்சத்தின் மீது சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. ஆளுநர், பேரவைத் தலைவர், உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் சம்பளம், அரசின் கடனுக்கான வட்டி ஆகியவற்றைப் போல இதுவும் தொகுப்பு நிதியின் மீது நேராகச் சுமத்தப்பட்ட செலவு. எந்த ஆட்சி வந்தாலும் எந்தப் பெரும்பான்மையாலும் அதை வெட்ட முடியாது. வாக்குத்தான் இல்லையே தவிர, அதைப் பற்றிச் சபையில் பேசலாம், விவாதிக்கலாம். 203-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

அந்த எண் 1956-ல் எழுதியது. அன்றைக்கு ஒரு கோட்டை நெல் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? அரசியலமைப்பில் எழுதிய தொகைக்கு மேல் அரசு எதைத் தருவதாக இருந்தாலும் அது சபை வாக்களிக்கும் மானியக் கோரிக்கை வழியாகத்தான் வர வேண்டும். அப்படியானால் நம் உறுப்பினர் கேட்க வேண்டியது என்ன? "கோயிலுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று கைகூப்புவது அல்ல. "290-அ பிரிவின்படி தர வேண்டியது எவ்வளவு, அதற்கு மேல் இந்த ஆண்டு தந்தது எவ்வளவு, அதில் சம்பளத்துக்குப் போனது எவ்வளவு, திருப்பணிக்குப் போனது எவ்வளவு?" என்பதுதான். இந்தக் கேள்விக்குத் தொகை சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

"எம்.எல்.ஏ. தன் பணத்தில் ரோடு போட்டார்"

போடவில்லை. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கான அந்தத் திட்டம் 1993 டிசம்பரில் தொடங்கியது. உறுப்பினர் பரிந்துரை செய்வார். அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம், வேலை செய்வது துறை. பணம் அவர் கையைத் தொடுவதில்லை. பலகையில் அவர் பெயர் இருப்பதில் தவறில்லை. ஆனால் அந்தச் சில கோடிகளை வைத்தே உறுப்பினரை எடை போட ஆரம்பித்தால், லட்சக்கணக்கான கோடி ரூபாய் வரவு செலவுத் திட்டத்தைக் கேள்வி கேட்கும் அவருடைய உண்மையான வேலை நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

"எதுவானாலும் எம்.எல்.ஏ.வைப் பிடித்தால் போதும்"

பெரியவர் கேட்ட வயல் தண்ணீர் சட்டமன்றத்துக்குரியது. பேச்சிப்பாறையிலிருந்து வரும் தண்ணீர், குளம், கால்வாய், மடை எல்லாம் மாநில நீர்வளத் துறையின் பொறுப்பு. ஆனால் ஊரை ஒட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலையும் கன்னியாகுமரி ரயில் பாதையும் டெல்லியில் கேட்க வேண்டியவை. தெருவிளக்கும் குப்பையும் பேரூராட்சி மன்றத்தில் கவுன்சிலர் கேட்க வேண்டியவை.

சுசீந்திரம் – தேரூர் குளங்கள் இன்னும் சிக்கலானவை. அந்தக் குளங்களில் வயலுக்கான தண்ணீரும் உண்டு, வலசை வரும் பறவையும் உண்டு. 2022-ல் அவை ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாயின. குளத்தைப் பற்றிய ஒரு கேள்வி நீர்வளத் துறைக்கா, வனத்துறைக்கா, ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கா? தவறான துறைக்குப் போன கேள்விக்கு "இது எங்களைச் சார்ந்தது அல்ல" என்ற ஒரு வரிதான் பதிலாக வரும். ஓர் ஆண்டுப் பாசனத்துக்கு அந்த ஒரு வரி போதாது.

"'பரிசீலனையில் உள்ளது' என்றால் கதை முடிந்தது"

இது பலர் மனசிலும் ஊறிப்போனது. தமிழ்நாட்டுச் சட்டமன்றக் கேள்விகள் பெரும்பாலும் "அரசு ஆவன செய்யுமா?" என்று முடியும். பதில் "பரிசீலிக்கப்படும்" என்று வரும். கேட்கிறவருக்கும் மனம் விட்டுப்போகும்.

மக்களவையில் அமைச்சர் சொல்லும் எந்தெந்த வாசகங்களை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்துச் சொல்கிறேன்", "கவனிக்கிறேன்" எல்லாம் அதில் சேர்த்தி. அப்படிச் சொல்லிவிட்டால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; இல்லையென்றால் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். 1953 முதல் இதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் அந்தக் குழு உண்டு. மாவட்டங்களுக்கு நேரில் வந்து, சபையில் அமைச்சர் சொன்ன வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அதிகாரிகளை வைத்துக் கேட்கும். அந்தக் குழு வரும் நாளில் நம் ஊர்க்காரர்கள் கையில் பழைய பதிலின் நகல் இருக்க வேண்டும். பெரும்பாலும் சால்வைதான் இருக்கிறது என்பது என் மனக்குறை.

நேரில் வாயால் பதில் பெறும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 20. அவற்றில் ஐந்தாறுதான் பெரும்பாலும் நேரத்துக்குள் எட்டும். டிவியில் நாம் பார்ப்பது அதைத்தான். எழுத்தில் பதில் பெறுபவை 230. சத்தமில்லாமல், சண்டையில்லாமல், அட்டவணையோடு வரும் இந்தப் பதில்களில்தான் சரக்கு இருக்கிறது. அதோடு, செலவான பணத்துக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சபைக்கு வருகிறது. பொதுக் கணக்குக் குழு அதை வைத்து அதிகாரிகளை அழைத்துக் கேட்கிறது. மக்களவையில் 1967 முதல் அந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சியிலிருந்தே வருகிறார்.

"டெல்லியில் நம்ம பாஷையில் கேட்க முடியாது"

அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர் குமரி அனந்தன். 1977-ல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதிக்கலாம் என்று அரசியலமைப்பின் 120-வது பிரிவு சொல்கிறது. ஆனால் கேள்வியையே தமிழில் கேட்பது வேறு. அதற்காக அவர் விடாமல் போராடினார். தமிழில் கேள்வி கேட்கும் உரிமையை நாடாளுமன்றத்தில் பெற்றுத் தந்தவர் என்றுதான் இன்றும் அவரைச் சொல்கிறோம். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது நடைப்பயணங்களைப் பற்றியும் மேடைத் தமிழைப் பற்றியும் நிறையப் பேசினார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் பட்டது. தேரடியில் பேசுகிற மொழியிலேயே ஒரு மத்திய அமைச்சரை நிறுத்திக் கேட்க முடியும் என்று ஆக்கியவர் நம் பக்கத்து ஊர்க்காரர்.

"நாம யாரு கேட்க?"

தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தபோது அதில் ஓர் அருமையான வரி இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது என்பது அதன் பொருள். சாதாரண ஆளையும் சட்டமன்ற உறுப்பினரையும் ஒரே படியில் நிறுத்திய வரி. 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட வகை செய்தது. அது போனதில் எனக்கு உண்மையாகவே துக்கம். ஆனால் வேறு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு யாரும் எழுதலாம். உறுப்பினரிடம் கோரிக்கை மனுவுக்குப் பதிலாகக் கேள்வியையே எழுதிக் கொடுக்கலாம்.

அன்று டீக்கடையில் அதைத்தான் செய்தோம். பெரியவர் முதலில் சொன்னது: "குளத்தைத் தூர்வாரச் சொல்லு." நான் சொன்னேன்: "அப்படிக் கேட்டா 'பரிசீலிக்கப்படும்'னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க அண்ணாச்சி. ரூபாயைக் கேட்போம்." பையன் நோட்டுத் தாளைக் கிழித்துத் தந்தான். பெரியவர் சொல்லச் சொல்ல, நான் சட்டமன்ற நடையில் எழுதினேன்.

நீர்வளத் துறை அமைச்சர் அவர்கள் தெரிவிப்பாரா: (அ) சுசீந்திரம், தேரூர் குளங்களின் மடை, கரை பராமரிப்புக்குக் கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு; (ஆ) அதில் செலவானது எவ்வளவு, திரும்ப ஒப்படைக்கப்பட்டது எவ்வளவு; (இ) எந்தெந்த மடைகள், எந்தெந்தத் தேதியில் சீரமைக்கப்பட்டன; (ஈ) கடைமடைக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ சாகுபடிகளுக்குத் தண்ணீர் எந்தத் தேதிகளில் எட்டியது?

நான்காவது அவர் சேர்த்தது. எனக்கு அது தோன்றவில்லை. தாளை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "தேதி கேட்டிருக்கோம்லா, அதுக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.